பெயருக்கு எஜமான்

சென்ற மாசம் ஒரு சிநேகிதரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சமயத்தில், "கதை எழுதுகிறவர் இருக்கிறாரே, நாலு வார்த்தை பேசட்டுமே" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கதை எழுதுகிறவனுக்குப் பேசவும் வரும் என்பது உலகத்தின் நம்பிக்கை. வராது என்பது எனக்குத் தெரியும். இம்மாதிரி ஆபத்துக் காலத்துக்கென்றே ஒரு ஹாஸ்யம் வைத்திருக்கிறேன். அதை எடுத்து விட்டேன்.

"எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் என் மனைவியோடு நடந்த வாக்குவாதங்களில் மூன்றே மூன்றில்தான் நான் ஜெயித்திருக்கிறேன். அந்த மூன்று தடவையும் அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள்."

பந்தலே சிரித்தது. புருஷர்கள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலும் சிரிப்புத்தான். என் மனைவியும் சிரித்தாள். நான் பார்த்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே அவள் கேட்டாள்: "ஏங்க, நம்ம மனைப் பத்திரம் யார் பேரிலே இருக்கு?"

"என் பேரில்தான். ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்" என்றாள். ஊர் வந்து சேரும்வரை வேறு பேச்சு இல்லை.

அந்த மனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊர்ப்பக்கம் ஆற்றங்கரையாகப் பார்த்து ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், நாலு தென்னை வைக்க வேண்டும் என்பது என் ஆசை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், டவுனில், வீடு கட்டுகிற மாதிரி மனைதான் வேண்டும் என்பது அவள் கட்சி. எட்டு மாசம் வாதம் நடந்தது. அவள் ஜெயித்தாள். அவளுடைய ஆறு வளையலும் ஒரு சங்கிலியும் கடைக்குப் போய்ப் பணமாகி வந்தன. மனை வாங்கினோம். பத்திரம் என் பேரில் எழுதியாயிற்று. எழுதும்போது அதைப் பற்றி நானும் யோசிக்கவில்லை, பத்திரம் எழுதுகிறவரும் கேட்கவில்லை. புருஷன் பேரைத்தான் கேட்டார், சொன்னேன்.

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அலமாரியில் பாதி படித்து வைத்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்தேன். அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸும் அவர் மனைவி அபிகெயிலும் எழுதிக்கொண்ட கடிதங்கள். காலேஜை இரண்டு வருஷம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் நான். அங்கே படித்த சரித்திரத்தில் யுத்தங்களும் ஒப்பந்தங்களும் இருந்தன. யாருடைய சமையலறையும் இல்லை. இந்தக் கடிதங்களில் எல்லாம் இருக்கின்றன. ஆயிரத்து நூறுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒன்றில், நான் பந்தலில் விட்ட அதே ஹாஸ்யத்தை, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், என்னைவிட நன்றாகவே விட்டிருக்கிறார் ஆடம்ஸ்.

அவர் மாஸசூஸெட்ஸ் பகுதியில் பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில் 1735-ல் பிறந்தவர். குடியானவர் வீட்டுப் பிள்ளை. படித்து வக்கீலானார். குள்ளம், பருமன், முன்கோபம், ஏகப்பட்ட படிப்பு. அவள் பக்கத்து ஊர் வேமவுத்தில் பாதிரியார் மகள். ஒன்பது வயது இளையவள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அப்பாவின் புத்தகங்களைப் படித்தே வளர்ந்தாள். எழுத்துப் பிழைகள் கடைசி வரையில் போகவில்லை. விஷயத்துக்கும் குறைவே இருந்ததில்லை.

கல்யாணம் 1764 அக்டோபரில். அதற்குச் சில மாசம் முன்பே முதல் வாக்குவாதம் நடந்துவிட்டது. பாஸ்டனில் பெரியம்மை. அம்மைச் சீழைக் கொஞ்சமாக உடம்பில் ஏற்றிக்கொண்டு, லேசாக நோய் கண்டு பிழைத்து எழுவது அக்காலத்து வைத்தியம். ஆடம்ஸ் அதற்காகப் பாஸ்டனில் போய்ப் படுத்திருந்தார். அவர் எழுதுகிற கடிதங்களைப் புகை காட்டித்தான் வெளியே அனுப்புவார்கள். பொழுது போகவில்லை. என் குறைகளைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டிருந்தாள். வக்கீல் மனுஷர் பட்டியலே போட்டுவிட்டார். சீட்டாடத் தெரியவில்லை, பாடக் கற்றுக்கொள்ளவில்லை, நாணல் மாதிரி தலையைத் தொங்கப் போடுகிறாய், கால் மேல் கால் போட்டு உட்காருகிறாய், கிளி மாதிரி உள்வாங்கி நடக்கிறாய்.

இரண்டே நாளில் பதில் எழுதினாள். ஒரு பெண்ணுடைய கால்களைப் பற்றிக் கனவான் ஒருவருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாள். பட்டியலில் மற்ற ஐட்டங்களுக்குச் சாவதானமாகச் சமாதானம் சொல்லியிருந்தாள். இதற்குப் பிறகும் ஆடம்ஸ் கல்யாணம் பண்ணிக்கொண்டார். அது அவருடைய நல்ல காலம்.

இனி 1776-க்கு வருவோம்.

ஆடம்ஸ் பிலடெல்பியாவில் இருக்கிறார். காலனிகளின் காங்கிரஸில் பிரதிநிதி. இங்கிலாந்திலிருந்து விடுபட வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறவர்களில் முதல்வர். அபிகெயில் பிரெய்ன்ட்ரீயில், நாலு குழந்தைகளோடும் ஒரு பண்ணையோடும். முந்தின வருஷம் பங்க்கர் மேட்டில் சண்டை நடந்தபோது ஏழு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு குன்றின் மேலிருந்து புகையைப் பார்த்தவள். அந்த வருஷமே ஊரில் சீதபேதி பரவியது. வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் படுத்தார்கள். அவள் தாயார் அக்டோபரில் போய்ச் சேர்ந்தாள். ஆடம்ஸ் வெகு தொலைவில் தீர்மானங்கள் எழுதிக்கொண்டிருந்தார்.

1776 மார்ச் 17-ந் தேதி ஆங்கிலப் படை பாஸ்டனை விட்டுக் கப்பலேறியது. சுதந்திரப் பிரகடனம் வரப்போகிறது என்ற வாசனை காற்றில் இருக்கிறது. மார்ச் 31-ந் தேதி அவள் புருஷனுக்கு எழுதிய கடிதம் இன்றைக்கு உலகப் பிரசித்தம். பாஸ்டன் வீட்டின் கதி, அம்மை, தோட்டம் என்று வழக்கமான சமாசாரங்களுக்கு நடுவே, போகிற போக்கில் ஒரு வார்த்தை. புதுச் சட்டம் செய்யப் போகிறீர்களாமே, அதில் பெண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். புருஷன்மார் கையில் அளவில்லாத அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். முடிந்தால் எல்லா ஆண்பிள்ளைகளும் கொடுங்கோலர்களாகத்தான் இருப்பார்கள். எங்களைக் கவனிக்காவிட்டால் நாங்களும் கலகம் செய்வோம். எங்களுக்குக் குரலும் பிரதிநிதித்துவமும் இல்லாத சட்டத்துக்குக் கட்டுப்பட மாட்டோம்.

கடைசி வாதம் யாருடையது என்று கவனிக்க வேண்டும். பிரதிநிதித்துவம் இல்லாத சட்டத்துக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று ராஜாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஆடம்ஸும் அவர் கூட்டாளிகளும். அவர்கள் துப்பாக்கியைத் தூக்கி அவர்கள் மேலேயே நீட்டினாள் அவள்.

சட்டம் அப்போது என்ன சொல்லிற்று என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இது விளையாட்டில்லை என்பது புரியும். இங்கிலாந்தில் பிளாக்ஸ்டன் என்ற சட்ட பண்டிதர் 1765 முதல் வெளியிட்ட நூல்தான் அந்த நாளில் வக்கீல்களுக்கு வேதம். புருஷனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் என்பது அதில் கண்ட விதி. அந்த ஒரே ஆள் புருஷன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான பெண் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் செய்ய முடியாது. அவள் கொண்டுவந்த பணமும் சம்பாதித்த பணமும் அவனுடையது. அவன் சம்மதமில்லாமல் உயில்கூட எழுத முடியாது. நம்முடைய தர்ம சாஸ்திரத்தில் ஆயிரம் குறை இருக்கலாம். ஸ்த்ரீதனம் என்று ஒன்றையாவது அது ஒப்புக்கொண்டது. (ஒப்புக்கொண்ட சாஸ்திரத்தின் நாட்டிலேயே என் மனைவியின் வளையல்கள் என்னவாயின என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.)

ஏப்ரல் 14-ந் தேதி ஆடம்ஸ் பதில் எழுதினார். உன் சட்டத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது என்று ஆரம்பம். எங்கள் போராட்டத்தால் எல்லா இடத்திலும் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது, பிள்ளைகள் கீழ்ப்படிவதில்லை, பள்ளிக்கூடங்களில் குழப்பம், அடிமைகள் எஜமானர்களை எதிர்த்துப் பேசுகிறார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். மற்றெல்லாரையும்விட எண்ணிக்கையிலும் பலத்திலும் மிஞ்சிய ஒரு கூட்டம் அதிருப்தியாக இருக்கிறது என்பதை உன் கடிதத்தில்தான் முதல் முதலாகப் பார்க்கிறேன் என்றார். ஆண்பிள்ளை ஏற்பாட்டை நாங்கள் ரத்து செய்துவிடுவோம் என்று எண்ணாதே. அது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்பது உனக்கே தெரியும். நடைமுறையில் நாங்கள்தான் பிரஜைகள். எஜமான் என்ற பெயர் மட்டும் எங்களுக்கு. அதையும் விட்டுவிட்டுப் பாவாடை ராஜ்யத்துக்கு அடங்குவதைவிட ஜெனரல் வாஷிங்டனும் வீரர்களும் சண்டை போடட்டும் என்று முடித்தார்.

அழகான ஹாஸ்யம். முதல் தடவை படித்தபோது நானும் சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது என் குரல் மாதிரி இருந்தது.

இந்த ஹாஸ்யத்துக்கு வம்சாவளியும் உண்டு. ஆடம்ஸ் கிரேக்க, ரோமானிய நூல்களில் ஊறியவர். ஏதென்ஸில் தெமிஸ்டோகிளீஸ் என்ற தலைவன், கிரேக்கர்களை ஏதென்ஸ் ஆள்கிறது, ஏதென்ஸை நான் ஆள்கிறேன், என்னை என் மனைவி ஆள்கிறாள், அவளை எங்கள் பையன் ஆள்கிறான், ஆகவே கிரேக்க தேசத்திலேயே பெரிய ஆள் என் பையன்தான் என்றானாம். ரோமாபுரியில் கேட்டோ, உலகத்தை நாம் ஆள்கிறோம், நம்மை நம் மனைவிமார் ஆள்கிறார்கள் என்று அதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னான். இரண்டையும் புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் இதே கேட்டோதான், கி.மு. 195-ல், பெண்கள் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற யுத்த காலச் சட்டத்தை எடுக்கக் கூடாது என்று மன்றாடியவன். பெண்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சட்டம் போயிற்று. மனைவி ஆள்கிறாள் என்று சொன்ன வாய் அரை அவுன்ஸுக்கு மேல் விடமாட்டேன் என்றதே, அதைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த இடம் வரைக்கும் எழுதி மேஜைமேல் வைத்திருந்தேன். என் மனைவி காப்பி கொண்டுவந்தவள் இரண்டு பக்கம் படித்தாள்.

"இவரை 'அவர்'னு எழுதியிருக்கீங்க. அந்த அம்மாளை மட்டும் ஏன் 'அவள்'னு எழுதறீங்க?"

தமிழ் நடை அப்படித்தான், வழக்கம், சின்ன வயதுப் பெண்ணாக ஆரம்பித்ததால் வந்தது என்று மூன்று காரணம் சொன்னேன். மூன்றுக்கும் அவள் பதில் பேசவில்லை. ஆகவே இனிமேல் அபிகெயில் அம்மாளும் அவர்தான். மேலே எழுதியதைத் திருத்தவில்லை; நான் இருந்த லட்சணம் வாசகர்களுக்குத் தெரியட்டும்.

அபிகெயில் அம்மாளுக்கு அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது. அவர் சிரித்தாரா என்று தெரியாது. ஏப்ரல் 27-ந் தேதி, சிநேகிதி மெர்ஸி வாரனுக்கு எழுதினார்: என் வீட்டுக்காரர் ரொம்பத் துடுக்காகப் பதில் எழுதியிருக்கிறார், நாம் இருவரும் சேர்ந்து காங்கிரஸுக்கே மனுப் போட்டால் என்ன? மனு ஏதும் போகவில்லை. மே 7-ந் தேதி ஆடம்ஸுக்கே எழுதினார். சிரிப்புக்குப் பதில் சிரிப்பு இல்லை அதில். உலகத்துக்கெல்லாம் விடுதலை கொடுக்கிறீர்கள், மனைவிமார் மேல் உள்ள முழு அதிகாரத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறீர்கள். ஆனால் கடினமான வஸ்துக்கள் சுலபமாக உடையும், அந்த அதிகாரமும் அப்படித்தான் என்றார்.

ஆடம்ஸ் இதற்கு நேராகப் பதில் எழுதவில்லை. ஆனால் வேறொருவருக்குப் பதில் எழுதினார். இதுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமான இடம். மே 26-ந் தேதி, ஜேம்ஸ் சல்லிவன் என்ற மாஸசூஸெட்ஸ் பிரமுகர், சொத்தில்லாதவர்களுக்கும் ஓட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்ததற்கு ஆடம்ஸ் விரிவாகப் பதில் எழுதினார். அதில் சிரிப்பே இல்லை. ஓட்டுத் தகுதியை மாற்ற ஆரம்பித்தால் முடிவே இருக்காது, பெண்கள் ஓட்டுக் கேட்பார்கள், பன்னிரண்டு வயதுப் பையன்கள் கேட்பார்கள், காலணா இல்லாதவனும் சம பங்கு கேட்பான் என்று பயந்தார். பெண்களை ஏன் விலக்குகிறோம் என்பதற்கும் காரணம் சொன்னார். அவர்களுடைய மென்மை உலகத்தின் பெரிய காரியங்களுக்கும் யுத்தத்துக்கும் ராஜ்ய விவகாரத்துக்கும் ஒத்துவராதாம்.

மனைவி கேட்டபோது, நீதான் எஜமானி என்று சிரிப்பு. அதே கேள்வியை ஓர் ஆண்பிள்ளை சுற்றி வளைத்துக் கேட்டபோது, அவர்களுக்குச் சக்தி போதாது என்று தீர்ப்பு. நடுவே ஆறு வாரம்தான். இந்த ஆறு வாரமும் பெரிய காரியத்துக்கு ஒத்துவராத அந்த அம்மாள் என்ன செய்துகொண்டிருந்தார்? பண்ணையாட்களுக்குக் கூலி பேசிக்கொண்டும், வரி கட்டிக்கொண்டும், விதை விதைத்துக்கொண்டும், பிள்ளைகளுக்கு லத்தீன் படிக்க ஏற்பாடு செய்துகொண்டும் இருந்தார். ஜூலையில் நாலு குழந்தைகளையும் பாஸ்டனுக்கு அழைத்துப்போய், தானும் சேர்ந்து அம்மை ஏற்றிக்கொண்டார். பிலடெல்பியாவில் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய அதே மாசம்.

ஆடம்ஸ் கெட்ட மனுஷர் அல்ல. அவர் காலத்தில் மனைவியின் கடிதத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுத்துப் பதில் எழுதியவர்கள் குறைவு. அதிகாரம் எவன் கையிலும் அளவில்லாமல் இருக்கக் கூடாது, ஒன்றுக்கு ஒன்று தடை இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆயுள் சித்தாந்தம். 1779-ல் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்துக்கு அரசியல் சட்டம் எழுதியபோது அதைத்தான் கல்லில் பொறித்த மாதிரி பொறித்தார். அந்தச் சித்தாந்தம் வாசற்படியோடு நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

அடுத்த வாக்குவாதங்கள் பணத்தைப் பற்றியவை. 2009-ல் ஊடி ஹோல்ட்டன் என்ற சரித்திர ஆசிரியர் அபிகெயில் அம்மாளின் வாழ்க்கையை எழுதினார். முன்னே எழுதியவர்கள் அன்பையும் பிரிவையும் பார்த்த கடிதங்களில் இவர் கணக்கைப் பார்த்தார். நாவல் எழுதுகிறவர்களுக்கு அது ஒரு பாடம். பிரிவாற்றாமை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவோம். பிரிந்திருக்கிறவள் பால்காரனுக்கு எப்படிப் பணம் கொடுத்தாள் என்று ஒரு வரி எழுத மாட்டோம்.

1778-ல் ஆடம்ஸ் தூதுப் பணியாக பிரான்சுக்குக் கப்பலேறினார். பத்து வயது மகன் ஜான் குவின்ஸியும் கூடப் போனான். காகித நாணயம் நாளுக்கு நாள் மதிப்பிழந்துகொண்டிருந்தது. சம்பளத்தை நம்பி வீடு நடத்த முடியாது. அபிகெயில் அம்மாள் ஒரு யோசனை சொன்னார்: பணம் அனுப்ப வேண்டாம், சாமான் அனுப்புங்கள். ஐரோப்பாவிலிருந்து கைக்குட்டை, ரிப்பன், குண்டூசி, பீங்கான், தேயிலை என்று பெட்டி பெட்டியாக வந்தது. யுத்த காலம், எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. வீட்டுக்கு வேண்டியது போக மீதியை உறவினர்கள் மூலம் விற்றார். காங்கிரஸின் மகா தூதர், மனைவியின் உத்தரவுப்படி ரிப்பன் நிறம் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் பாவாடை ராஜ்யம் என்ற வார்த்தைக்குக் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவும் தோன்றுகிறது.

இந்தக் காலத்தில் இன்னொரு சண்டையும் நடந்தது. உங்கள் கடிதங்கள் குட்டையாக இருக்கின்றன, ஈரமே இல்லை என்று அம்மாள் குறைப்பட்டார். ஆடம்ஸ் பயந்ததில் காரணம் உண்டு. 1775-ல் அவருடைய கடிதங்கள் ஆங்கிலேயர் கையில் சிக்கி அச்சாகி, சகாக்களை அவர் ஏசியிருந்தது ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. ஆசை வார்த்தை எழுதி அதுவும் அச்சாக வேண்டுமா என்று கேட்டார். வக்கீல் வாதம், நல்ல வாதம். ஜெயிக்கவில்லை. அம்மாளின் புகார் அடுத்த கப்பலிலும் வந்தது.

மிச்சமான பணத்தை என்ன செய்வது என்பதில்தான் நிஜமான போட்டி. ஆடம்ஸுக்கு நிலம் என்றால் உயிர். பிரெய்ன்ட்ரீயில் பக்கத்துக் காணி விலைக்கு வந்தால் விடமாட்டார். எருக்குவியலைப் பார்த்தால் நின்று ரசிப்பார். பின்னால் லண்டனில் தூதராக இருந்தபோது ஒரு நாள் ஓர் எருக்குவியலைக் கிளறிப் பார்த்துவிட்டு, நல்ல எருதான், ஆனால் என்னுடையதற்கு ஈடாகாது என்று டைரியில் எழுதினார். அப்படிப்பட்டவரிடம், நிலத்தில் என்ன வருகிறது, வரியும் கூலியும் போனால் மிச்சம் என்ன என்று மனைவி கணக்குக் கேட்டார். அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கலாம் என்பது அவர் கட்சி.

அந்தக் கணக்கு எளிது. யுத்தச் செலவுக்காக வெளியிட்ட பத்திரங்களுக்கு அரசாங்கம் ஒழுங்காகப் பணம் கொடுக்கவில்லை. ஆகவே அவை சந்தையில் அடிமட்டத்துக்கு விற்றன. நூறு டாலர் பத்திரம் இருபத்தைந்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஆறு வட்டி என்றால், போட்ட இருபத்தைந்துக்கே ஆறு வருகிறது. எந்த நிலமும் அப்படி விளையாது. ஆபத்து உண்டு, அரசாங்கம் கைவிரித்தால் காகிதம்தான். அம்மாள் துணிந்தார். வேமவுத்தில் இருந்த தம் சித்தப்பா முறை டாக்டர் டஃப்ட்ஸ் மூலம் வாங்கினார். 1784-ல் புருஷனிடம் போய்ச் சேர்ந்த பிறகும் இது நிற்கவில்லை. பக்கத்து நிலத்தைப் பாருங்கள் என்று ஆடம்ஸின் கடிதம் டாக்டருக்குப் போகும். பத்திரமே மேல் என்று அம்மாளின் கடிதமும் போகும். 1790-ல் ஹாமில்டன் திட்டப்படி பழைய கடன்களை முகமதிப்புக்கே ஏற்றுக்கொண்டது புது அரசாங்கம். அம்மாள் கணக்கு பலித்தது.

இதில் ஒரு கறையும் உண்டு. அந்தப் பத்திரங்களில் பல, யுத்தத்தில் சண்டை போட்ட சிப்பாய்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்தவை. பசிக்கு விற்றவர்கள் அவர்கள். பலன் வாங்கியவர்களுக்குப் போயிற்று. ஆடம்ஸுக்கு இந்த மாதிரி வியாபாரத்தைக் கண்டால் கசப்பு. ஆனால் வீட்டுக்கு வந்த வட்டியை அவர் திருப்பி அனுப்பவில்லை.

அம்மாள் எப்போதும் ஜெயித்தார் என்று சொன்னால் அது என் பந்தல் ஹாஸ்யம் மாதிரி ஆகிவிடும். 1782-ல் வெர்மாண்ட் காட்டுப் பக்கத்தில் ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார். கிழ வயதில் அங்கே போய் அமைதியாக இருக்கலாம் என்பது கனவு. இனிமேல் வெர்மாண்ட் விஷயத்தில் தலையிடாதே என்று ஆடம்ஸ் எழுதிவிட்டார், அதோடு சரி. 1803-ல் லண்டனில் ஒரு பாங்கு முறிந்தது. மூத்த மகன் அதில் போட்டு வைத்திருந்த பெற்றோர் சேமிப்பு போய்விட்டது. மகன் தன் சொத்தை விற்றுப் பெற்றோருக்கு ஈடு செய்தார். நிலம் முறியாது என்று ஆடம்ஸ் அன்றைக்குச் சொல்லிக் காட்டியிருக்கலாம். சொன்னாரோ என்னவோ.

பணத்தைப் பற்றிய கடிதங்களில் ஓரிடத்தில் அபிகெயில் அம்மாள், என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளும் பணம் என்று எழுதுகிறார். அந்த வார்த்தையில் எனக்குக் கண் நின்றுவிட்டது. என் பணம் என்று எழுதவில்லை. நான் அப்படிச் சொல்லிக்கொள்கிறேன் என்கிறார். சட்டம் என்ன என்பது அவருக்குத் தெரியும். புருஷன் ஒரு நாள் கூடாது என்றால் அந்தப் பணம் இல்லை. புருஷன் கூடாது என்று சொல்லவில்லை. பாவாடை ராஜ்யம் என்பது இந்த ஒரு 'சொல்லவில்லை'யின் மேல் நின்றுகொண்டிருந்தது. எஜமான் என்ற பெயர் மட்டும்தான் எங்களுக்கு என்று ஆடம்ஸ் எழுதினாரே, அந்தப் பெயருக்குள்தான் எல்லாம் இருந்தது.

1816 ஜனவரி 18-ந் தேதி, எழுபத்தோராவது வயதில், அபிகெயில் அம்மாள் தம் கைப்பட ஓர் உயில் எழுதினார். அவர் எழுதியதற்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. ஜனாதிபதியாக இருந்தவரின் மனைவி; இன்னும் சில வருஷத்தில் ஜனாதிபதியாகப் போகிறவரின் தாய்; இருந்தும் கட்டியிருக்கிற புடவை, அவர்கள் பாஷையில் கவுன், அதுவும் சட்டப்படி புருஷனுடையது. ஐயாயிரம் டாலருக்கு மேல் பிரித்து எழுதினார். பிள்ளைகள் இருவருக்கும் ஏதோ கொஞ்சம். மற்றதெல்லாம் பெண்களுக்கு. பேத்திகள், மருமகள்கள், அக்காள் தங்கை பெண்கள், வேலைக்காரப் பெண்கள். ஒருத்திக்குப் பட்டுக் கவுன், ஒருத்திக்குப் பணம். பேரன்களின் பேர் இல்லை.

பெண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் புருஷனைக் கேட்டவர், கடைசியில் தாமே ஞாபகம் வைத்துக்கொண்டார்.

1818 அக்டோபர் 28-ந் தேதி டைபாய்டு ஜுரத்தில் இறந்துபோனார். ஐம்பத்து நாலு வருஷ தாம்பத்யம். அந்த உயில் ஆடம்ஸ் கைக்கு வந்தது. எண்பத்து மூன்று வயதை நெருங்கும் கிழவர், நாட்டிலேயே பெரிய வக்கீல்களில் ஒருவராக இருந்தவர். இது செல்லாது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கிழித்துப் போட்டிருந்தால் கேட்க ஆள் கிடையாது. அப்படிச் செய்யாமல், ஒவ்வொருத்திக்கும் எழுதியிருந்தபடி போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டார். 1776-ல் மாற்ற மாட்டோம் என்று சிரித்த சட்டத்தை 1818-ல் தம் வீட்டுக்குள் மட்டும் ரத்து செய்தார். ஊருக்கு ரத்தாவதற்கு இன்னும் நாள் பிடித்தது. மாஸசூஸெட்ஸில் கல்யாணமான பெண்ணின் சொத்து அவளுடையதே என்று விரிவான சட்டம் வந்தது 1855-ல். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டு 1920-ல். நம்மூர்க் கணக்குக்கு, தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சம பங்கு என்று சட்டம் வந்த வருஷம் 1989.

கட்டுரை முழுவதையும் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். இடையில் ஒரே ஒரு கேள்வி: வேலைக்காரப் பெண்களுக்கும் எழுதினாரா? எழுதினார் என்றேன். தலையை ஆட்டினாள். முடிந்ததும் கீரைத் தண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, "சிரிச்சதிலிருந்து அந்த உயில் நிறைவேறுகிற வரைக்கும் எத்தனை வருஷம்?" என்று கேட்டாள்.

"நாற்பத்திரண்டு."

"நமக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு" என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மனைப் பத்திரத்தை மாற்றி எழுத முத்திரைச் செலவு எவ்வளவு ஆகும் என்று தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.